வேடம் போடுதலும் வேடம் கட்டுதலும்: கமலா கான் பாத்திரத்தில் உடையின் பொருண்மை

தமிழில் வேடம் போடுதல், வேடம் கட்டுதல் என இரு வழக்குகள் உள்ளன. முன்னது நடிப்பைக் குறிப்பதோடு பொய்த்தோற்றம் காட்டுவதையும் குறிக்கும். பின்னது கூத்துக் கலைஞரின் தொழில் வழக்கு. அதில் ஏமாற்று என்னும் பொருள் ஏறுவதில்லை. அமெரிக்க வரைகதை நாயகி கமலா கானின் உடை அடைந்த மாற்றங்களை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு துணைசெய்கிறது.

மார்வெல் நிறுவனத்தின் 'மிஸ் மார்வெல்' வரைகதைத் தொடர் 2014இல் கமலாவை நாயகியாகக் கொண்டு புதிதாகத் தொடங்கியது. ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தார். சனா அமானத் பதிப்பாசிரியர். நியூ ஜெர்சியின் ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பதின்வயதுப் பெண் கமலா. அவெஞ்சர்ஸ் வீரர்களைப் பற்றித் தானே கதை எழுதிப் பார்க்கும் இரசிகை. இரசிகையே நாயகியாவதால், இரசிகர்கள் வேடிக்கையாகச் செய்யும் உடைப்புனைவு இங்குக் கதையின் மையச் சிக்கலாகிறது.

முதல் இதழில் ஆற்றல் பெறும் கமலா, பொன்னிறக் கூந்தலுடைய கரோல் டான்வர்ஸின் உருவத்தில் வெளிப்படுகிறாள். உடலில் இருப்பது கரோலின் பழைய உடை: நீச்சலுடை போன்ற கறுப்பாடை, நெடிய காலணி, மார்பில் மின்னல் குறி. 1978இல் வரைகதையில் அறிமுகமான அவ்வுடையை, 2012இல் கேப்டன் மார்வெல் ஆனபோது கரோலே களைந்து முழுவுடல் சீருடைக்கு மாறிவிட்டாள். உரியவளே வேண்டாமென விட்டதை இரசிகை ஆசையோடு எடுத்து அணிகிறாள்! விரும்பிய தோற்றம் கிட்டியபின் அவ்வுடை அவளை உறுத்துகிறது. தன்னைச் சிறுமைப்படுத்திய ஸோயியைக் காக்கும்போதும் அவள் வெள்ளை இனப் பெண்ணின் உருவிலேயே இருக்கிறாள். உருமாற்றமே அவளது ஆற்றல் என்பதால், பிறராக மாறிவிடும் ஆசை அவ்வாற்றலோடே பிறந்துவிடுகிறது. இது வேடம் போடுதல்.

அடுத்து அவள் நாடுவது தன்னிடமுள்ள புர்கினியை. பெற்றோர் அறியாமல் அதனையே வீரவுடையாக மாற்றிக்கொள்கிறாள். உடலை மறைக்கும் ஆடை அடக்குமுறையின் சின்னம் என்னும் பொதுக் கருத்தையும், நாயகி என்றால் உடல் தெரிய வேண்டும் என்னும் வரைகதை மரபையும் இச்செயல் ஒருசேர மறுக்கிறது. இரண்டாண்டுகள் கழித்து, 2016இல், பிரான்சின் சில கடலோர நகராட்சிகள் புர்கினிக்குத் தடை விதித்தன என்பதை நோக்க, வரைகதை தொட்ட இடம் எத்தகையது என்பது புலனாகும். 2015இல் சான் பிரான்சிஸ்கோ பேருந்துகளில் இடம்பெற்ற இசுலாமிய எதிர்ப்பு விளம்பரங்களின்மீது கமலாவின் படங்கள் ஒட்டப்பட்டன. கரோலின் உருவத்திலேயே கமலா நின்றுவிட்டிருந்தால் அச்சுவரொட்டிகளுக்கு இடமே இருந்திராது.

2022இல் ஆறு பகுதிகளாக வெளிவந்த தொலைக்காட்சித் தொடர் இவ்வுடைக்கு வேறு பிறப்பைத் தருகிறது. இறுதிப் பகுதியில் தாய் முனீபா அதனை மகளுக்கு அளிக்கிறாள். ஆற்றலும் உருமாற்றம் அன்று. கொள்ளுப்பாட்டியின் வளையல் வழி வெளிப்படும் ஒளி. 1947 பிரிவினையின் நினைவும் அவ்வளையலோடு பிணைக்கப்படுகிறது. தெற்காசியக் குடும்பங்களில் பெண்ணின் ஆடை பெரும்பாலும் தாய்வழியே வருவதால் இம்மாற்றம் இயல்பானது என வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும், மறைத்துச் செய்ததும் அஞ்சிச் செய்ததும் தானே முடிவெடுத்ததும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன. வரைகதையில் உடை ஒரு வாதம். தொடரில் அது சீர்வரிசை.

இதே தொடரின் முதற்பகுதி இதனினும் கூர்மையானது. இரசிகர் மாநாட்டுக்குக் கேப்டன் மார்வெலாகச் செல்ல விரும்பும் கமலாவுக்குப் பெற்றோர் பச்சையும் ஊதாவுமான ஹல்க் சல்வார் கமீஸைக் காட்டுகின்றனர். தந்தையும் ஹல்க்காகப் பச்சை பூசி உடன்வர ஆயத்தமாகிறார். அவள் அதனை இழிவெனத் தள்ள, அவர் முகம் வாடுகிறது. அன்பும் கட்டுப்பாடும் ஒரே துணியில் தைக்கப்பட்டிருக்கும் காட்சி இது. தாயின் தையலை மறுத்த மகள் எவ்வாறு அதனை ஏற்கும் நிலைக்கு வந்தாள் என்பதைத் தொடர் போதிய அளவு காட்டவில்லை. இடைப்பட்ட பகுதிகள் வேற்றுலகப் பகைவரைத் துரத்துவதில் செலவாகின்றன.

திரையின் தாக்கம் பின்னர் வரைகதைக்கே திரும்புகிறது. கமலா மரபணுத் திரிபுற்றோருள் ஒருத்தி என்னும் குறிப்போடு தொடர் முடிந்தது. 2023இல் வரைகதையில் அவள் இறக்கிறாள். அதுவும் ஸ்பைடர்மேனின் இதழில், பிறர் கதையின் துணைமாந்தராக. இறப்புச் செய்தியை இதழ் வெளிவருமுன்பே நிறுவனம் அறிவித்ததால், இரசிகர்களுக்கு அது கதை நிகழ்வாக அன்றி விளம்பரமாகவே வந்து சேர்ந்தது. சில வாரங்களில் உயிர்த்தெழும் கமலா, திரையில் சொல்லப்பட்டவாறே திரிபுற்றவளாக, எக்ஸ்-மென் முத்திரை பொறித்த புதிய உடையில் தோன்றுகிறாள். அதனையொட்டிய குறுந்தொடரைச் சபீர் பிர்சாதாவோடு இணைந்து எழுதியவர், திரையில் கமலாவாக நடித்தவரும் அவ்வரைகதைகளின் நெடுநாள் இரசிகையுமான இமான் வெல்லானி. இரசிகை ஒருவரே கமலாவுக்கு எழுதும் வாய்ப்புக் கிட்டியபோது, கமலாவின் மேனியில் இருந்தது ஓர் அணியின் சீருடை.