இரண்டு தோட்டங்கள்

பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'பதினாறு வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்னும் இரு கிராமத்துப் படங்களால் புகழெய்திய இயக்குநர், தமது மூன்றாம் படத்தில் நகரத்துச் செல்வந்தன் ஒருவனின் மாளிகைக்குள் நம்மை அழைத்துச் சென்றார். பெண்களை மயக்கி, துய்த்து, கொன்று, தோட்டத்தில் புதைத்து, அம்மண்ணின் மேல் ரோஜா வளர்ப்பவனாகக் கமல்ஹாசன். அவனை இன்னானென்று அறியாமல் மணக்கும் சாரதாவாக ஸ்ரீதேவி. இளையராஜாவின் பின்னணி இசையை இன்று கேட்டாலும் உடல் சிலிர்க்கிறது. காமத்தையும் கொலையையும் ஒரே கயிற்றில் முறுக்கிய இவ்வகைப் படங்கள் அதன்பின் எத்தனையோ வந்தன, இன்றும் வருகின்றன. இவற்றின் ஈர்ப்புக் குறையாததேன்?

'ஆபாசமே காரணம்' என்று நம்மில் பலர் விடை கூறிவிடுகின்றனர். இவ்விடை போதாது. ஒரு காலத்தில் கல்வராயன் மலையில் வாழ்வோர் படம் பார்க்க வேண்டுமாயின் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கி வரவேண்டும். இன்றோ இதைவிடப் பன்மடங்கு அப்பட்டமான காட்சிகள் கைப்பேசியில் காசின்றிக் கிடைக்கின்றன. வெறும் சதைதான் தேவையெனில், இரண்டரை மணிநேரக் கதை எதற்கு? கதை வேறொன்றைத் தருகிறது. அது என்னவென்று காண, திருமறையிலுள்ள ஒரு தோட்டத்திற்குள் நுழைவது பயன் தரும்.

தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றை வாசகர்கள் அறிவர். பாபிலோனில், தன் கணவனின் தோட்டத்தில் நீராட வருகிறாள் அவள். ஒளிந்திருந்து நோக்குகின்றனர் முதியோர் இருவர். தங்கள் இச்சைக்கு அவள் இணங்காததால், வேறொருவனோடு கூடியிருந்தாள் எனப் பழி சுமத்தி மரண தண்டனை பெற்றுத் தருகின்றனர். காமம், ஒளிந்து நோக்கல், மிரட்டல், பொய்ச்சாட்சி, சாவின் விளிம்பு என இப்படங்களின் சரக்கு முழுவதும் இங்கே உண்டு. இத்தகைய பொருளைத் தொடவே கூடாதென்று திருமறை கருதவில்லை என்பது தெளிவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்முதியோர் இருவரும் அவ்வாண்டின் நீதிபதிகள். ஒளிந்து பார்த்தவர்களே தீர்ப்பும் வழங்குகின்றனர். தானியேல் எழுந்து இருவரையும் தனித்தனியே நிறுத்தி, 'எந்த மரத்தடியில் கண்டீர்?' என வினவும்போது கதை தலைகீழாகிறது. பார்க்கப்பட்டவள் விடுதலை பெறுகிறாள். பார்த்த கண்கள் கூண்டில் ஏறுகின்றன.

ரோஜாத் தோட்டத்தில் தானியேல் இல்லை. கொலைகாரனின் இளமைக்காலத்தில் ஒரு பெண் அவனை வஞ்சித்தாள். அவனை வளர்த்தவரின் மனைவியும் துரோகம் செய்தாள். ஆகவே பெண்களே இப்படித்தான் என்பது அவ்வீட்டின் சட்டம். அச்சட்டத்தின்படி சாக வேண்டியவர்களை முதலில் நாம் ஆசையோடு பார்க்கிறோம். பின்னர் அவர்கள் சாகும்போது, 'இப்படி வந்தவளுக்கு இதுதான் கதி' என்று உள்ளுக்குள் தலையசைக்கிறோம். பார்த்த இன்பமும் நமதே, தீர்ப்பிட்ட பெருமிதமும் நமதே. விலை மட்டும் அவளுடையது. இவ்வகைப் படங்களின் நெடுநாள் ஈர்ப்பு இந்த இரட்டை இலாபத்தில்தான் உள்ளது என்பது நம் கருத்து. பாரதிராஜா இதனை அறியாதவரல்லர். மகன் செய்யும் கொலைகளைப் படச்சுருளில் கண்டு களிக்கும் கிழவர் ஒருவரைப் படத்துக்குள்ளேயே அமர்த்தியிருக்கிறார். கொட்டகை இருளில் அமர்ந்திருந்த எத்தனை பேர் அக்கிழவரிடம் தம் சாயலைக் கண்டனரோ!

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 1987இல் வெளிவந்த 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' என்னும் அமெரிக்கப் படத்தில், மணமான ஒருவனோடு உறவு கொண்ட பெண் தற்கொலை செய்துகொள்வதாகவே முதலில் முடிவு அமைந்திருந்தது. முன்னோட்டக் காட்சி கண்ட மக்களுக்கு அது நிறைவளிக்கவில்லை. எனவே முடிவை மாற்றி, அவனுடைய மனைவியே அவளைச் சுட்டு வீழ்த்துவதாகப் படமாக்கினர். படம் பெருவெற்றி கண்டது. தவறிய கணவனோ குடும்பத்தோடு இல்லத்தில் நலமாயிருக்கிறான். நம் ஊரில் 2004இல் வந்த 'மன்மதன்' ஒருபடி மேலே போயிற்று. 1978இன் கொலைகாரன் மனம் பேதலித்துச் சிறையிலாவது கிடந்தான். ஒழுக்கம் தவறியவர்கள் என்று தானே தீர்மானித்த பெண்களைக் கொல்லும் மன்மதனோ சட்டத்தின் பிடியில் சிக்காமலே நடந்து போகிறான். அவனே கதாநாயகன்!

கள்ளக்குறிச்சிப் பகுதி இளைஞர் சிலரோடு இப்படங்களைப் பற்றி உரையாடினோம். நடிகர்களின் பெயரைச் சொன்னார்கள். கொலை நடந்த விதத்தைச் சொன்னார்கள். எந்த இடத்தில் எந்த இசை வரும் என்பதைக்கூட ஒருவர் வாயாலேயே இசைத்துக் காட்டினார். கொல்லப்பட்ட பெண்களில் ஒருத்தியின் பெயரைச் சொல்லக் கேட்டோம். எவருக்கும் நினைவில்லை. பார்ப்பவருக்கு வயது பதினெட்டு ஆயிற்றா என்று தணிக்கைச் சான்றிதழ் கேட்கிறது. செத்தவளுக்குப் பெயருண்டா என்று அது கேட்பதில்லை.

ஆயினும் 'சிகப்பு ரோஜாக்க'ளை அதன் வழித்தோன்றல்களோடு சேர்த்து ஒரே கூடையில் எறிய நமக்கு மனமில்லை. பாலுமகேந்திராவின் 'மூடுபனி'யும் (1980) கைத்திறன் மிக்கதே. எனினும் அது கடைசிவரை கொலைகாரனின் துயரத்தையே தடவிக்கொண்டிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பாரதிராஜாவின் படத்திலோ பிற்பகுதியில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. சாரதா அம்மாளிகையின் மர்ம அறைக்குள் காலெடுத்து வைத்ததும், அதுவரை கொலைகாரனின் தோளுக்குப் பின்னிருந்து பார்த்த நாம், அவளுடைய கண்களால் பார்க்கத் தொடங்குகிறோம். கதவு திறக்கும் ஓசைக்கு அவளோடு சேர்ந்து அஞ்சுகிறோம். நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'சாமி, எனக்கு அந்தப் படத்தில் நினைவிருப்பது அந்த அறை ஒன்றுதான். ரோஜாத் தோட்டம் எங்கள் வீட்டு ஆண்களுக்குத்தான் நினைவிருக்கிறது' என்றார். பின்னால் வந்தவர்கள் கத்தியையும் கொலைகாரனின் இளமைக்கால முன்கதையையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அறையை அவர்களுள் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை.