மாணவர் நலவாழ்வு நாள்: உருவமும் உள்ளடக்கமும்

இலக்கியத்தின் உருவம், உள்ளடக்கம் என்பன பற்றிப் பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள் நாம். கவிதைக்கும் சிறுகதைக்கும் அவ்வளவு மையைச் செலவிட்ட நாம், பாடசாலை விழாவொன்றின் நிகழ்ச்சி நிரலை அந்தக் கண்கொண்டு ஒருமுறையேனும் பார்த்ததுண்டா? அதுவும் ஓர் ஆக்கமே. அதை எழுதியவர் யாரை நோக்கிப் பேசுகிறார், யாரை மறந்துவிட்டுப் பேசுகிறார் என்ற கேள்வி அதற்கும் பொருந்தும். வன்னியின் இடைநிலைப் பாடசாலை ஒன்றில் நடத்துவதற்கெனத் தயாரிக்கப்பட்ட 'மாணவர் நலவாழ்வு நாள்' நிரலொன்று அண்மையில் எமது பார்வைக்கு வந்தது. பாடசாலையின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கற்பிக்கும் வாசகர்களுள் பலர் இதைத் தமது பாடசாலையின் நிரலென்றே எண்ணக்கூடும்.

காலை எட்டு மணிக்கு விருந்தினரை வாயிலில் எதிர்கொள்ளல், பாண்ட் வாத்தியத்துடன் அழைத்து வருதல், மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. இவை முடிந்தபின் 'மன அழுத்தத்தை வெல்வது எப்படி' என ஒரு மணி நேரச் சிறப்புரை. பின்னர் யோகாசனம், 'மகிழ்ச்சியே வெற்றியின் வழி' என்ற தலைப்பில் பேச்சுப் போட்டி, பரிசளிப்பு, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை.

உள்ளடக்கம் புதியது, உருவமோ பழைய பரிசளிப்பு விழாவினுடையது. அக்காலக் கல்லூரிகளில் ஆட்சியாளர் வருகைக்கென வகுத்த சடங்கையே நாம் இன்றும் ஆடி வருகிறோம். உருவம் வெறும் சட்டையன்று. அது தன் பொருளைத் தானே பேசும். விருந்தினர் பிந்துவார், பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள். எவருடைய நலத்துக்காக நாள் குறிக்கப்பட்டதோ அவர்கள் அன்று செய்ய வேண்டியது கைதட்டுவது. வாய் திறக்க இடம் பெறும் ஒரு சிலரும் போட்டியாளராகவே அதைத் திறக்கிறார்கள். மகிழ்ச்சியிலும் முதலாம் இடம், இரண்டாம் இடம் வகுக்கும் எமது திறமையை என்னென்பது!

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். 'மன அழுத்தம்' என்ற சொல் நிரலில் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்பது நிரலில் எங்கும் இல்லை. ஆழ மூச்செடுத்தால் போய்விடும் என்ற எண்ணமே சிறப்புரைத் தலைப்பில் தொனிக்கிறது. மூச்சுப் பயிற்சியை நாம் பழிக்கவில்லை; நடுங்கும் உடலுக்கு அது உதவும் என்பதை வைத்தியர்கள் அறிவர். ஆனால் வன்னியின் பிள்ளை எதனால் மூச்சு முட்டுகிறது என்று கேளாமல் மூச்சு விடக் கற்பிப்பதை எவ்வாறு ஏற்பது?

'போரின் உளக்காயம்' என்று உடனே விடை கூறுவோர் உண்டு. அவ்விடை ஒரு காலத்தில் நேரடி உண்மையாக இருந்தது. வடக்கு கிழக்கின் பாடசாலை மாணவர் 420 பேரை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் 92 சதவீதத்தினர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினர் சாவு போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டவர்கள் எனவும், நால்வரில் ஒருவர் அவற்றின் பின்விளைவான உளநோய்க்கு உட்பட்டிருந்தார் எனவும் கூறிற்று. உளக்காயம் அப்பிள்ளைகளின் நினைவாற்றலையும் கல்வியையும் பாதித்திருந்தது. அவ்வாய்வின் நேர்காணல்களை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும். எமது ஆசிரியரால் கேட்க முடியும், கேட்டதைப் பதிவு செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று எதற்கு?

ஆனால் காலம் நகர்ந்துவிட்டது. இன்று ஆறாம் தரத்தில் இருக்கும் பிள்ளை 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்தது. முள்ளிவாய்க்காலை அது காணவில்லை. கண்டவர்கள் அதன் தாயும் தந்தையும், சில வேளை அதன் ஆசிரியரும். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது அது பிறந்திருக்கவும் மாட்டாது. அப்பிள்ளைக்குப் போர் என்பது இரவில் பேசாமல் இருக்கும் தகப்பன்; காணாமல் ஆக்கப்பட்ட மாமனின் படத்தை நெஞ்சோடு அணைத்து வீதியில் அமர்ந்த பாட்டி. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். நான்கு நாட்களில் வவுனியாவிலும் தொடங்கிற்று. அவ்வழியே புத்தகப்பையுடன் சென்ற பிள்ளைகள் பலர். 'பழையதை மறந்து மகிழ்ச்சியாக இருங்கள்' என்று மேடையில் ஒருவர் அறிவுரை பகரும்போது, வீட்டில் எவரும் மறக்கவில்லை என்பதை அறிந்த பிள்ளை யாரை நம்பும்?

மருத்துவர் தயா சோமசுந்தரம் பல்லாண்டு ஆய்வின் பின் வலியுறுத்தியது இதனையே: காயம் தனிமனிதனின் மூளைக்குள் மட்டும் இல்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயமுற்றிருக்கின்றன. அவருடைய கருத்தை ஏற்பவர்கள்கூட நாள் குறிக்கும்போது தனிமனிதனுக்கே மருந்து எழுதுகிறார்கள்.

கடனும் இருக்கிறது. போருக்குப்பின் வன்னியில் வீடு வீடாகச் சென்ற நுண்கடன் நிறுவனங்களின் கிழமைத் தவணைக்குப் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிலைமை முற்றி, வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே 2018 இல் அறிவிக்க நேர்ந்தது. தவணை வாங்க வருபவரிடம் 'அம்மா வீட்டில் இல்லை' என்று பொய் சொல்லப் பழகிய பிள்ளை மறுநாள் வகுப்பில் 'உண்மையே பேசு' என்று எழுதுகிறது. மேலும், 'வன்னி மாணவர்' என்று ஒரே மூச்சில் கூறுவதும் தவறு. இரணைமடுவின் நீர் பாயும் வயலுக்குச் சொந்தமான வீட்டுப் பிள்ளையும், 1958, 1977, 1983 ஆம் ஆண்டு வன்செயல்களையடுத்து மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டியும் இன்னமும் கூலிக்கே செல்லும் குடும்பத்தின் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்கின்றனர். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளை எந்த வீட்டினது என்று ஆசிரியருக்குத் தெரியும். அரசின் பாடசாலை உணவுத் திட்டமோ முதன்மையாக ஆரம்பப் பிரிவினருக்கானது. ஆறாம் தரத்துக்கு ஏறியதும் பசி நின்றுவிடும் என்பது யாருடைய கணக்கோ!

ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எமது நோக்கமன்று. யாழ்ப்பாணத்திலிருந்து விடியுமுன் பேருந்தேறி வந்து, கஷ்டப் பிரதேசச் சேவை முடியும் நாளை எண்ணியிருக்கும் ஆசிரியரும் களைத்தவரே. வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் நாள் முழுவதும் பாடவேளை எடுத்துவிட்டு, இடைவேளையில் பிள்ளையின் கண்ணீரையும் கேட்க வேண்டியவராகிறார். அவரே ஒழுக்கக் குழுவிலும் இருப்பாராயின், எந்தப் பிள்ளை அவரிடம் வாய் திறக்கும்? உடற்தண்டனை கூடாதென 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை கூறியது. 2016 இல் மற்றொன்றும் வந்தது. அவற்றின் பின்னும் பிரம்பு முற்றாக ஒழியவில்லை. நலவாழ்வு நாளன்று பிரம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத நிரலை எவ்வாறு நலவாழ்வு நிரல் என்பது?

எம்மவரிடையே வேறொரு குரலும் எழும். 'சமுதாய அமைப்பு மாறாமல் மனநலம் பேசுவது முதலாளித்துவ ஒப்பனை; அமைப்பு மாறட்டும், எல்லாம் மாறும்' என்பது அக்குரல். அதை நாம் ஏற்பதற்கில்லை. இன்றிரவு உறங்க முடியாத பிள்ளை அமைப்பு மாறும் வரை விழித்திருக்க வேண்டுமா? காரணம் சமுதாயத்தில் இருக்கிறது என்பதற்காக வலி பிள்ளையின் உடலில் இல்லாமல் போய்விடாது. காரணத்தைச் சொல்லவும் வலியைத் தணிக்கவும் ஒருங்கே கற்க வேண்டும் என்றே நாம் கேட்கிறோம்.

எதிர்த்திசையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆர்வமிகுந்த சிலர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, 'உன் துயரத்தைச் சொல்' என ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைக்கின்றனர். பிள்ளை அழும்; பார்ப்போரும் அழுவர்; படமும் பிடிப்பர். பின் வாகனம் புறப்பட்டுவிடும். இத்தகைய ஒற்றை அமர்வு முறையை உலகளவில் பரிசீலித்த 2002 ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு, அது பின்வரும் நோயைத் தடுக்கவில்லை என்றும், ஊறு விளைவிக்கவும் கூடும் என்றும் கண்டது. ஒரு நாளில் காயத்தைத் திறந்தால் அதை மூடும் பொறுப்பு யாருடையது?

நல்ல உருவம் எமது மண்ணில் இல்லாமலில்லை. மட்டக்களப்பில் 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை எண்ணிப் பார்க்கலாம். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கு ஒன்றாக வந்து, மாதக்கணக்கில், கிழமைக்கொரு முறை களிமண்ணும் வண்ணமும் கதையும் கொண்டு விளையாடினர். எவரும் அவர்களைத் துயரம் சொல்லும்படி வற்புறுத்தவில்லை. சொல்ல விரும்பியபோது கேட்க ஒருவர் இருந்தார். நாடகத் துறையில் குழந்தை ம. சண்முகலிங்கம் 2025 இல் மறையும்வரை எமக்குத் தந்த கொடையும் இவ்வகைப்பட்டதே. சிறுவர் அரங்கை அவர் போட்டி மேடையிலிருந்து விடுவித்தார். 'கூடி விளையாடு பாப்பா' போன்ற ஆக்கங்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெல்வதற்கன்றிச் சேர்ந்து ஆடுவதற்கே மேடையேறினர். போரின் உளத்தாக்கத்தையே பொருளாக்கிய 'அன்னை இட்ட தீ'யை எழுதியவரும் அவரே. பல்கலைக்கழகத் தேர்வுக்கு அவருடைய நாடகங்களைப் படிக்கும் நாம், பாடசாலை முற்றத்தில் அவற்றின் முறையை மறந்துவிட்டோம்.

ஆகவே, நாளைத் திட்டமிடுவோருக்கு எமது கோரிக்கை பெரிதன்று. முதற் கூட்டத்தில் ஆசிரியருக்குச் சமமான தொகையில் மாணவர் இருக்கட்டும்; மாணவத் தலைவர்கள் மட்டுமன்றி, அடிக்கடி பாடசாலைக்கு வராத பிள்ளையும் ஒருவர் வேண்டும். நாளுக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு வகுப்பிலும் பெயர் எழுதாத சிறு தாள்களில் 'இப்பாடசாலையில் உங்களை வருத்துவது எது' எனக் கேட்கலாம். அத்தாள்களை அதிபர் தனியே வாசித்து அலுமாரியில் பூட்டலாகாது. அவற்றுள் பாடசாலையால் மாற்றத்தக்கவற்றை, அதாவது குடிநீர், மாணவியர் கழிப்பறை, பிரம்பு, தனியார் வகுப்புக்குச் செல்லாத பிள்ளையை ஏளனம் செய்தல் ஆகியவற்றைத் தனியே பிரித்து, நலவாழ்வு நாளன்று அதிபரே எழுந்து, இன்னது மாறும், இன்ன நாளுக்குள் மாறும் என்று கூறட்டும். அந்த ஓர் உரை போதும். விருந்தினர் வந்தால் பின்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய தொலைபேசி எண்கள் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டப்பட வேண்டும். காரியாலய அறிவித்தல் பலகையில் ஒட்டினால், அங்கு அழைக்கப்படும் பிள்ளை நிமிர்ந்து வாசிக்கும் நிலையில் இருப்பதில்லை.

நாள் குறிப்பதிலும் ஒரு சொல். உலக மனநல நாள் ஒக்டோபர் 10 ஆம் திகதி என்பதால் அன்றே நடத்த வேண்டுமென்று சிலர் பிடிவாதம் செய்வர். வன்னியில் அது காலபோக விதைப்பும் பருவமழையும் நெருங்கும் காலம். வயலுக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைகளே அன்று வகுப்பில் இருக்க மாட்டார்கள். இரண்டாந் தவணையின் நடுவில், பரீட்சை இல்லாத கிழமையொன்றில் தொடங்கி, அதன்பின் மாதத்துக்கு இரு பாடவேளைகள் நேர அட்டவணையிலேயே ஒதுக்கப்பட வேண்டும். அவ்விரு பாடவேளைகளை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பது என்று கணித ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சண்டையிடுவர் என்பது எமக்குத் தெரியும். அந்தச் சண்டையை முதற் கூட்டத்திலேயே, மாணவர் முன்னிலையிலேயே தீர்த்துவிடுவது நல்லது.