மீட்சிக்குப் பின் எழுதிய கடிதங்கள்

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் இலக்கணத்தில் 'மீட்சி' என்றொரு பகுதி உண்டு. தலைவனோடு உடன்போக்கில் போன தலைவி ஊர் திரும்புவதை வகைப்படுத்திச் சொல்லும் பகுதி அது. முதுகலை வகுப்பில் பல ஆண்டுகளாக அதை நடத்திவருகிறேன். திரும்பும் வழியில் தலைவி தனக்கு முன்னே நடந்து செல்கிறவர்களைக் காண்கிறாள். தான் வந்துகொண்டிருப்பதைத் தன் தோழியரிடம் சொல்லும்படி அவர்களிடம் சொல்லி அனுப்புகிறாள். அவர்கள் தோழியரிடம் சொல்கிறார்கள், தோழியர் நற்றாயிடம் சொல்கிறார்கள். நற்றாய் உடனே வேலனிடம் கேட்கிறாள். மகள் எப்படியிருக்கிறாள் என்று அவள் கேட்கவில்லை. அவன் மனத்தில் என்ன இருக்கிறது, அவளை நம் வீட்டுக்கு அழைத்து வருவானா, தன் வீட்டுக்கே கொண்டுபோவானா என்று கேட்கிறாள். அத்தோடு மீட்சி முடிந்துவிடுகிறது.

வழியில் போகிறவர்களை நிறுத்தித் தோழிக்குச் செய்தி சொன்ன அந்தப் பெண், வந்து சேர்ந்த பிறகு என்ன பேசினாள் என்பதற்குத் துறை இல்லை. போன இடத்தில் அவளுக்கு வேறொரு தோழி கிடைத்திருந்தால் அவளைப் பிரிந்த துயரத்துக்கும் துறை இல்லை. நம் இலக்கணத்தில் பிரிவு என்பது பெரும்பாலும் ஆணுடைய செயல். ஓதல், தூது, பகை, பொருள் எனப் பிரிவுக்கான காரணங்கள் எல்லாம் அவனுக்கு உரியவை. முந்நீர் வழக்கம் மகளிரோடு இல்லை என்கிறது தொல்காப்பியம். அது கடற்பயணத்தைக் குறிக்கிறது என்றும், ஓதல், தூது, பொருள் என்னும் மூவகைச் செலவைக் குறிக்கிறது என்றும் உரைகள் இருவிதமாகப் பொருள் கொண்டன. எப்படிப் பொருள் கொண்டாலும் பெண் வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் கடல் கடந்தேன். 2013 அக்டோபரில் வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கப் போனேன். இரண்டு ஆண்டுகள் தனியாக இருந்தேன். அதே மாடியில், எதிர்வீட்டில் குடியிருந்த பள்ளி ஆசிரியை ஒருவர் எனக்குத் தோழியானார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய பாதி ஆங்கிலத்திலும் என்னுடைய கால்வாசிப் போலிஷிலும் பேசிக்கொள்வோம்.

அந்த டிசம்பர் 24 இரவு என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். போலந்தில் கிறிஸ்துமஸின் உயிர் அந்த இரவுணவில்தான் இருக்கிறது. வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உண்ண உட்காருவார்கள். மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். இறைச்சி இல்லாத பன்னிரண்டு உணவுகள். உண்பதற்கு முன் மெல்லிய அப்பம் ஒன்றை ஒவ்வொருவரும் கையில் வைத்துக்கொள்ள, மற்றவர் அதில் ஒரு துண்டு பிட்டுத் தின்று வாழ்த்துச் சொல்கிறார். மேசையில் ஒரு தட்டு காலியாகவே இருந்தது. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு அது. எனக்கானதா என்று கேட்டேன். இல்லை, உன்னைத்தான் அழைத்திருக்கிறோமே, அது இன்னும் யாரென்று தெரியாதவருக்கு என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தை முதல் நாள். சன்னலுக்கு வெளியே பனி. மின்னடுப்பில் பொங்கல் வைத்தேன். வெல்லத்துக்குப் பதில் பழுப்புச் சர்க்கரை, கரும்பு கிடையாது. பால் பொங்கி வரும்போது தோழி பாய்ந்து அடுப்பை அணைக்க வந்தார். பால் வழியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் அம்மா சொல்லித்தந்த குடித்தனம். நான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தேன். வழிந்தது. இருவரும் சேர்ந்து கூவினோம், சிரித்தோம், பிறகு அரை மணி நேரம் அடுப்பைச் சுரண்டிக் கழுவினோம். எனக்கு அன்று மாதவிலக்கின் மூன்றாம் நாள். இரவு படுக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பொங்கல் பானையைத் தொட நான் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2015இல் ஊர் திரும்பினேன். அடுத்த பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு மாமியார் நாள் தள்ளிப்போடும் மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தார். கடுமையாகக் கொடுக்கவில்லை, அக்கறையோடுதான் கொடுத்தார். வகுப்பில் தீட்டின் அரசியலை நடத்துகிற நான் அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கினேன். அந்த வாரம் வார்சாவுக்குக் கடிதம் எழுதினேன். குடும்பம் முழுக்கக் கூடியிருந்தது, புதுப்பானை, முற்றத்தில் கரும்பு, மிகவும் மகிழ்ச்சி என்று எழுதினேன். எல்லாமே உண்மை. மாத்திரையை மட்டும் விட்டுவிட்டேன். அதன் பிறகு அவருக்கு எழுதுவது கடினமாகிவிட்டது. விட்டுப்போனதைச் சொல்லாமல் அடுத்த கடிதத்தைத் தொடங்க முடியவில்லை. அவர் எழுதிய மூன்று கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை.

இந்த நிலையில்தான் தோரு தத் எழுதிய கடிதங்களை மறுபடி வாசித்தேன். 1856இல் கல்கத்தாவில் பிறந்தவர். கிறிஸ்தவத்துக்கு மாறிய வசதியான வங்காளக் குடும்பம். 1869இல் பெற்றோரோடும் அக்கா அருவோடும் ஐரோப்பா சென்றார். நீஸ் நகரில் பிரெஞ்சு படித்து, பிறகு இங்கிலாந்து வந்து, கேம்பிரிட்ஜில் பெண்களுக்கான உயர்நிலைச் சொற்பொழிவுகளைக் கேட்டார். அங்கே மேரி மார்ட்டின் என்ற பெண் தோழியானார். 1873இல் குடும்பம் கல்கத்தா திரும்பியது. அடுத்த ஆண்டே அரு காசநோயில் இறந்தார். 1877இல் தோருவும் அதே நோயில் இறந்தார். வயது 21. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேரிக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அந்தக் கடிதங்கள் ஹரிஹர் தாஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியே 1921இல் அச்சேறின.

தோருவை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் ஆங்கில விமர்சகர் எட்மண்ட் காஸ். தோரு இறந்தபின் 1882இல் வந்த கவிதைத் தொகுப்புக்கு அவர் முன்னுரை எழுதினார். அதில் அவர் காட்டும் தோரு, சீக்கிரம் வாடிவிட்ட அயல்மண்ணின் மென்மலர். பின்னால் வந்த பலரும் கடிதங்களை இந்த மலருக்கான சான்றுகளாகவே புரட்டினார்கள். எந்த நாளில் என்ன புத்தகம் படித்தார், எப்போது இருமல் வந்தது என்று தேடினார்கள். கடிதங்களை இலக்கியமாக வாசித்தவர்கள் குறைவு.

எனக்கு அவை திரும்பி வந்தவளின் இலக்கியமாகத் தெரிகின்றன. ஊர் திரும்பிய பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் நிம்மதியை அவர் எழுதவில்லை. ஐரோப்பாவில் இருந்த சுதந்திரமான வாழ்க்கை இங்கே இல்லை, தோட்டத்தைத் தாண்டினால் எல்லோரும் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று மேரியிடம் நேரடியாகச் சொல்கிறார். வீடு கிறிஸ்தவ வீடு, பாட்டியோ இந்துவாகவே இருக்கிறார். ஆகவே இந்த ஊர்ப் பண்டிகையும் அந்த ஊர்ப் பண்டிகையும் முழுதாகத் தனக்கில்லாத ஓரிடத்தில் தோரு நிற்கிறார். அந்த இடத்திலிருந்து அவர் அனுப்புவது பூனைகள், குதிரைகள், பாக்மாரித் தோட்டம், அப்பாவோடு படிக்கும் சமஸ்கிருதம் பற்றிய செய்திகள். சிறிய செய்திகள்தான். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில்தான் அவர் பிரெஞ்சுக் கவிதைகளை மொழிபெயர்த்து 1876இல் பவானிபூரிலிருந்து புத்தகமாகக் கொண்டுவந்தார். பிரெஞ்சில் ஒரு நாவலும் எழுதிவைத்தார். வாடிய மலர் செய்கிற வேலை அல்ல இது.

ஓரிடத்தை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். தோரு ஒரு கடிதத்தில் தன் நாட்டு மக்களை 'நேட்டிவ்ஸ்' என்று எழுதிவிடுகிறார். கல்கத்தாவின் வெள்ளையர்கள் ஏளனமாகப் புழங்கிய சொல் அது. மேரி அதைக் கண்டிக்கிறார். தோரு, நீ கண்டித்தது சரி, இனி எழுதமாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறார். ஆளும் நாட்டுப் பெண், ஆளப்படும் நாட்டுப் பெண்ணுக்கு அவளுடைய மக்களின் மரியாதையை நினைவூட்டுகிறாள். இதில் உள்ள முரணைப் பின்காலனிய வாசிப்பு சுட்டிக்காட்டும், காட்டத்தான் வேண்டும். ஆனால் வேறொன்றும் அங்கே நடக்கிறது. அகப்பாடல்களில் தோழி தலைவனை இடித்துரைப்பாள். இங்கே தோழி தோழியை இடித்துரைக்கிறாள், கேட்டவள் முறைத்துக்கொள்ளவில்லை. அடுத்த கடிதமும் போகிறது. தவறான சொல்லை எழுதிவிட்ட பிறகும் எழுதத் தொடரலாம் என்பதை அந்தப் பக்கம்தான் எனக்குச் சொன்னது.

ஆனந்திபாய் ஜோஷியின் கதையில் இந்த நட்பு மரணத்தையும் தாண்டுகிறது. நியூஜெர்சியில் வாழ்ந்த தியடோசியா கார்ப்பென்டர், பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது கையில் கிடைத்த மிஷனரி இதழ் வழியாகத்தான் ஆனந்திபாயை அறிந்தார். கடிதத்தில் தொடங்கிய உறவில் அவர் 'அத்தை' ஆனார். 1883இல் ஆனந்திபாய் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார், 1886 மார்ச்சில் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார், அந்த ஆண்டே திரும்பினார், 1887 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய அஸ்தியைக் கணவர் கார்ப்பென்டருக்கு அனுப்பிவைத்தார். நியூயார்க் மாநிலத்தில் பக்கீப்ஸி நகரக் கல்லறைத் தோட்டத்தில் கார்ப்பென்டர் குடும்பத்தாரின் இடத்தில் அது புதைக்கப்பட்டது. மீட்சி ஒருவழிப் பாதை என்று நினைக்கிறோம். ஆனந்திபாய் இரண்டு முறை திரும்பினார். இரண்டாம் முறை தோழியிடம் திரும்பினார்.

இந்த இருவரையும் எல்லாப் பெண்களுக்கும் முன்மாதிரியாக வைக்க முடியாது. தோருவிடம் தந்தையின் செல்வமும் நூலகமும் இருந்தன. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போய், கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள, பண்டிகை நாளிலும் விடுப்பின்றி உழைத்துத் திரும்பும் பெண்களின் தோழமைகள் கடிதமாகவில்லை. குரல்பதிவுகளாகத் தொலைபேசியிலேயே அழிந்துபோகின்றன. ஈழத்துப் பெண்களுக்கு மீட்சி என்ற சொல்லே வேறு. 'மறையாத மறுபாதி' போன்ற புகலிடப் பெண்கவிதைத் தொகுப்புகளைத் திறந்தால், திரும்புவது ஒரு தெரிவாக இல்லாதவர்களின் குரல் கேட்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிந்து விமானச்சீட்டோடு வந்த நான் அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க முடியாது.

ஆனாலும் ஒரு கேள்வி நம் எல்லோருக்கும் பொது. வெளியூரில் ஒரு பெண் வேறொருத்தியாக வாழ்ந்திருந்தால், அந்த வேறொருத்தியை அவள் திரும்பிய பிறகு அறிந்தவர் யார்? தமிழில் பயண இலக்கியம் செழிப்பானது. 'உலகம் சுற்றும் தமிழன்' தொடங்கி அடுக்கடுக்காக நூல்கள் உண்டு. பயணி ஊர் வந்ததும் பெரும்பாலான நூல்கள் முடிந்துவிடும். அவருக்கு ஊர் அப்படியே இருக்கிறது, அவரும் அதில் பழையபடி பொருந்திக்கொள்கிறார். பெண்ணின் பயண இலக்கியமோ திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது. மாத்திரை அட்டை கைக்கு வரும்போது, தோட்டத்து வாசலில் கண்கள் மொய்க்கும்போது, அது எழுதப்பட வேண்டும். அதை எழுதப் பொருத்தமான வடிவம், அந்த வேறொருத்தியைப் பார்த்திருந்த தோழிக்கு எழுதும் கடிதம்தான். அதனால்தான் கடிதங்களைச் சான்று என்ற நிலையிலிருந்து எடுத்துப் பாடத்திட்டத்தில் இலக்கியமாக வைக்க வேண்டும் என்கிறேன்.

போன பருவத்தில் தோருவின் கடிதங்கள் சிலவற்றை வகுப்பில் வாசித்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, மேரி எழுதிய கடிதங்கள் எங்கே மேடம் என்று கேட்டாள். புத்தகத்தில் அவை இல்லை. மேரி பத்திரமாக வைத்திருந்ததால்தான் தோரு எழுதியவை நமக்குக் கிடைத்தன. மேரி எழுதியவை தோருவின் பதில்களுக்குள் நிழலாக மட்டுமே இருக்கின்றன. அப்படியென்றால் நாம் படிப்பது பாதிதானே என்றாள். ஆமாம் என்றேன்.

என் அலமாரியில் வார்சாவிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. நான் எழுதியவை அங்கே, அந்த மாடியில் இருக்கக்கூடும். அன்று மாலை வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். பொங்கலைப் பற்றி நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு என்று முதல் வரியை எழுதினேன். மாத்திரைக்குப் போலிஷில் என்ன சொல் என்று அகராதியில் பார்க்க வேண்டியிருந்தது.