நான்கு விரற்கடை அந்தஸ்து

கைக்கு எட்டுமானால் பெரியதையே எடுத்துவிடுங்கள், பின்னால் வருத்தப்பட மாட்டீர்கள். சொகுசு எஸ்.யூ.வி. வாங்கப் போகிறவர் எந்த விமர்சகரின் காணொளியைப் பார்த்தாலும், எந்த விற்பனைக் கூடத்தில் காபி குடித்தாலும் கடைசியில் வந்து சேரும் தீர்ப்பு இதுதான். பி.எம்.டபிள்யூவில் எக்ஸ்1 பார்க்க வந்தவரை எக்ஸ்3-க்கும், எக்ஸ்3 பார்க்க வந்தவரை எக்ஸ்5-க்கும் ஏற்றிவிடும் ஏணி இது. மெர்சிடஸில் ஜி.எல்.ஏ., ஜி.எல்.சி., ஜி.எல்.இ.; ஆடியில் கியூ3, கியூ5, கியூ7. பெயர்தான் வேறு, ஏணி ஒன்றே. சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில் நிற்பது விலை மட்டும்தான், மற்ற எல்லா வகையிலும் பெரியது மேல் என்று பேசுகிறவரும் கேட்பவரும் கைகுலுக்கிக் கொள்கிறார்கள். அந்த ‘எல்லா வகையிலும்’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. பி.எம்.டபிள்யூவையே எடுத்துக்கொள்கிறேன். 2007 முதல் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இயங்கும் ஆலையில்தான் எக்ஸ்1, எக்ஸ்3, எக்ஸ்5 மூன்றும் பூட்டப்படுகின்றன. ஒரே கூரையின் கீழ் வளரும் உடன்பிறப்புகளை ஒப்பிட்டால் யாரும் ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது.

பெரியதற்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். எக்ஸ்5-இல் இருப்பது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின். அதன் வழவழப்பு நான்கு சிலிண்டரில் வராது. ஏர் சஸ்பென்ஷன் பள்ளங்களை உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் விழுங்கிவிடுகிறது. டிக்கி 650 லிட்டர், எக்ஸ்3-இல் 570. எல்லாம் சரி. ஆனால் இந்தப் பட்டியலில் டிக்கியைத் தவிர எதுவும் உருவத்தால் வந்ததல்ல. ஆறு சிலிண்டர் என்ஜின் எக்ஸ்3-க்குள் நுழையாது என்பதில்லை. வெளிநாட்டில் விற்கும் எக்ஸ்3 எம்50-இல் அது உட்கார்ந்திருக்கிறது. இங்கே வழக்கமாகக் கிடைக்கும் எக்ஸ்3-இல் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர்தான். பெட்ரோல் எக்ஸ்1 வாங்குகிறவருக்கு ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர். சர்க்கரை வேண்டுமானால் உப்புப் பொட்டலத்தையும் சேர்த்து வாங்கு என்கிற பழைய கடை வித்தைதான் இது. நல்ல என்ஜின் வேண்டுமானால் இரண்டு டன்னைத் தாண்டிய உடம்பையும் சேர்த்து வாங்கவேண்டும். அப்படி வாங்கியவர் என்ஜினின் சுகத்தை அனுபவித்துவிட்டு, பெரிய கார் பெரிய கார்தான் என்று உருவத்தைப் புகழ்கிறார். விமர்சகர்களும் அதே குழப்பத்தைத் தீர்ப்பாக எழுதுகிறார்கள்.

பெரியது என்பதே ஒரு நகரும் கோடு. 1999-இல் வந்த முதல் எக்ஸ்5-இன் நீளம் 4,667 மி.மீ., அகலம் 1,872 மி.மீ. இன்றைய எக்ஸ்3-இன் நீளம் 4,755, அகலம் 1,920. அன்று பெரிய வீட்டுப் பெரிய காராக இருந்ததைவிட இன்றைய நடுத்தம்பி பெரியவன். இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடுகிறது. இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் பாட்டனாரான 1970-ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவரின் நீளம் ஏறக்குறைய 4.47 மீட்டர், அகலம் 1.78 மீட்டர். ஏணியின் அடிப்படியில் நிற்கும் இன்றைய எக்ஸ்1 நாலரை மீட்டர் நீளம், 1.845 மீட்டர் அகலம். ‘சின்னது, குடும்பத்துக்குப் போதாது’ என்று ஒதுக்கப்படும் கார், பிரபுக்களின் பண்ணை வீட்டு வாசலில் நின்ற காரைவிடப் பெரியது. இந்த அரை நூற்றாண்டில் மனிதரின் தோள்கள் அவ்வளவு விரிந்துவிடவில்லை, குடும்பங்களோ சுருங்கிவிட்டன. தேவை வளர்ந்து கார் வளரவில்லை. கீழ்ப்படி வளர்ந்ததால் மேல்படி வளர்ந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் போக்குவரத்து, சுற்றுச்சூழல் கூட்டமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்குப்படி அங்கே புதிய கார்களின் சராசரி அகலம் இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கூடிக்கொண்டே வந்து 180 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது.

என் ஆட்சேபணை முழுவதும் இந்த அகலத்தின் மேல்தான். நீளத்தைக்கூட மன்னித்துவிடலாம், முன்னும் பின்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி ஓடும்போது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அகலம் அப்படியல்ல, ஓடும்போதும் நிற்கும்போதும் பக்கத்தில் இருப்பவரின் இடத்தில் கை வைக்கிறது. எக்ஸ்5-இன் அகலம் 2,004 மி.மீ. எக்ஸ்3-ஐவிட 84 மி.மீ. கூடுதல், ஏறக்குறைய நான்கு விரற்கடை. இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். மொத்த அகலத்தோடு ஒப்பிட்டால் நாலரை சதவீதம்கூட இல்லைதான். ஆனால் யாரும் காரின் மொத்த அகலத்தில் வாழ்வதில்லை. அது போக மிஞ்சும் இடத்தில்தான் கதவு திறக்கிறது, ஆள் இறங்குகிறார், ஸ்கூட்டர் நுழைகிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். நடுக்கோட்டில் அளந்து நிறுத்திய இரண்டு எக்ஸ்5-களுக்கு இடையே மிஞ்சுவது அரை மீட்டர். இரண்டு எக்ஸ்3-கள் என்றால் 58 சென்டிமீட்டர். எக்ஸ்1-கள் என்றால் 65-க்கும் மேல். எக்ஸ்1-இலிருந்து எக்ஸ்5-க்கு ஏறும்போது காருக்கு ஒன்பது சதவீதம் அகலம் கூடுகிறது, மனிதருக்கான இடத்தில் கால்வாசி போய்விடுகிறது. நான்கு விரற்கடையின் கனம் அங்கே தெரியும். அந்த அரை மீட்டரிலும் திறந்த கதவின் கனத்தைக் கழிக்க வேண்டும். அடுக்குமாடியின் ஸ்டில்ட் தளமாக இருந்தால் தூணையும் கழிக்க வேண்டும். பிறகு மிஞ்சுவதில் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நழுவத்தான் முடியும். கோடி ரூபாயை ஒட்டிய விலை கொடுத்து வாங்கிய சொகுசிலிருந்து இறங்கும் இலட்சணம் இது. (இன்னும் மேலே ஏறி எக்ஸ்7-க்குப் போனவருக்கு நீளமும் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். அவருடைய கார் சட்டம் கொடுத்த கட்டத்துக்குள்ளேயே அடங்காது.) பல அடுக்கு இயந்திர பார்க்கிங்கில் அகலத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு, அங்கே வாசலோடு திருப்பி அனுப்பப்படுவதும் பெரும்பாலும் ஏணியின் மேல்படிகள்தாம்.

சாலைக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமை. விவரக் குறிப்பில் போடும் 2,004 என்ற எண்ணில் பக்கக் கண்ணாடிகள் சேராது. அவற்றோடு எக்ஸ்5-இன் அகலம் 2,218 மி.மீ.; எக்ஸ்1 சுமார் 2.1 மீட்டர். ஐந்தரை மீட்டர் தார் உள்ள ஒரு சாலையில் எதிரே இரண்டரை மீட்டர் அகலப் பேருந்து வருகிறது என்று வையுங்கள். எக்ஸ்5 போக அங்கே மீதி 78 சென்டிமீட்டர். எக்ஸ்1 போக 90. ஒரு ஸ்கூட்டரின் கைப்பிடி ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். 90-இல் ஸ்கூட்டர்காரர் பயந்துகொண்டாவது போவார், 78-இல் மண்ணில் இறங்குவார். அவர் இறங்கியது காரில் இருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. உயரமான இருக்கை, கனத்த கண்ணாடி, உள்ளே இசை. பெரிய காரின் ‘சாலையில் ஒரு ஆளுமை’ என்று விமர்சகர்கள் மெச்சுவதை வெளியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கிறது. மயிலாப்பூர் மாடவீதியிலும் மேற்கு மாம்பலத்துக் குறுக்குத் தெருக்களிலும் பேருந்தே வேண்டாம். ஒரு பக்கம் நிற்கும் கார்களும் எதிரே வரும் ஆட்டோவும் போதும்.

பாதுகாப்பு என்று உடனே ஒரு மறுப்பு வரும். கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் கனமானதற்குள் இருப்பவர் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். இது இயற்பியல், இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கூடுதல் வானத்திலிருந்து வருவதில்லை, எதிரே வருகிறவரின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. இங்கே எதிரே வருகிறவர் யார்? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சாகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைச் சுற்றி இரும்பே இல்லாத நாட்டில், தன்னைச் சுற்றி மேலும் அரை டன் இரும்பைச் சேர்த்துக்கொள்வதைப் பாதுகாப்பு என்று அழைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்பு உள்ளவற்றைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. ஏணியில் ஏற ஏற முகப்பு எந்தப் பக்கம் போகிறது என்பதை நிறுத்தி வைத்துப் பார்த்தாலே தெரியும். உள்ளே இருப்பவரின் கணக்கை மட்டும் பார்த்தாலும், யூரோ என்கேப் மோதல் சோதனையில் 2018-இல் எக்ஸ்5-க்கும் 2022-இல் எக்ஸ்1-க்கும் கிடைத்தது அதே ஐந்து நட்சத்திரம். வேறு வேறு எடை வண்டிகளின் நட்சத்திரங்களை நேரடியாக ஒப்பிடக்கூடாது என்பது உண்மை. ஆனால் சின்னதை வாங்கினால் குடும்பத்தின் உயிரோடு விளையாடுவதாகும் என்ற விற்பனைப் பேச்சுக்கு அந்த ஐந்து நட்சத்திரம் போதுமான பதில்.

அடுத்த மறுப்பு வீட்டுப் பெரியவர்கள். அப்பா அம்மா வசதியாக உட்கார வேண்டும், கால் நீட்ட வேண்டும். பின்னிருக்கையில் கால் நீட்ட இடம் தருவது முக்கியமாக இரு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், அகலம் அல்ல. இங்கே விற்கும் நீளமான மெர்சிடஸ் இ-கிளாஸ் செடானில் அந்தத் தூரம் 3,094 மி.மீ., எக்ஸ்5-இல் 2,975. அகலத்தில் அந்த செடான் எக்ஸ்5-ஐவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் ஒடுக்கம், விலையும் குறைவு. அகலத்தால் கிடைக்கும் உண்மையான லாபம் பின்னால் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம் என்பது. இந்த விலையில் கார் வாங்கும் வீட்டில் பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் ஆண்டுக்கு எத்தனை நாள் உட்காருகிறார்கள் என்பதை அவரவர் எண்ணிக்கொள்ளலாம். புடவை கட்டிய எழுபது வயது அம்மாவுக்கு உயரமான படியும் பாதி திறந்த கதவும் வசதி என்று எண்ணுகிறவர், அவர் இறங்கி முடிக்கும்வரை ஒருமுறை பொறுமையாக நின்று பார்க்கட்டும்.

என் பணம், என் கார், வரி கட்டுகிறேன் என்ற கடைசி மறுப்புதான் உண்மையில் வலுவானது. வரி கட்டுகிறார்கள், நிறையவே கட்டுகிறார்கள். ஆனால் எதற்கு? 2025 செப்டம்பர் 22 முதல் எக்ஸ்1-க்கும் எக்ஸ்5-க்கும் ஒரே ஜி.எஸ்.டி., 40 சதவீதம். நான்கு மீட்டர் நீளக் கோட்டை ஒரு கார் தாண்டிவிட்டால் அதற்கு மேல் அது எவ்வளவு வீங்கினாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. தமிழ்நாட்டின் வாழ்நாள் சாலை வரியும் இருபது லட்சத்துக்கு மேல் எல்லாவற்றுக்கும் ஒரே 20 சதவீதம். இவை விலையின் மேல் போடும் வரிகள். எடுத்துக்கொள்ளும் இடத்தின் மேல் எதுவும் இல்லை. வைரத்தோடு வாங்குகிறவரும் அதிக வரி கட்டுகிறார். ஆனால் அவருடைய தோடு தெருவை அடைப்பதில்லை. பாரிஸ் நகரம் 2024 பிப்ரவரியில் மக்களிடமே வாக்குக் கேட்டது. 1.6 டன்னுக்கு மேற்பட்ட கார்களுக்கு, மின்கார் என்றால் இரண்டு டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு, வெளியூர்க்காரரின் பார்க்கிங் கட்டணம் மும்மடங்கு; நகரின் மையத்தில் மணிக்கு 18 யூரோ. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 54.5 சதவீதம் பேர் சரி என்றார்கள், அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது. வாக்களித்தவர்கள் ஆறு சதவீதம்கூட இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னது, அதுவும் உண்மை. எடையைவிட அகலத்தை அளந்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்பது என் குறை. மின்காரின் பாட்டரி கனம்தான், ஆனால் அது பக்கத்துக் காரின் கதவை அடைப்பதில்லை.

இங்கும் அப்படிக் கட்டணம் போட்டால் பணக்காரர்கள் கட்டிவிட்டு நிறுத்திக்கொண்டே இருப்பார்கள், எதுவும் மாறாது என்பார்கள். கட்டட்டும். இன்று அவர்கள் கட்டாமல் நிறுத்துகிறார்கள். சென்னையில் தெருவோரத்தில் எக்ஸ்5 நிற்பதற்கும் பழைய மாருதி 800 நிற்பதற்கும் ஒரே கட்டணம், அதுவும் கட்டணம் வாங்கும் தெருவாக இருந்தால். மாருதி 800-இன் அகலம் 1.44 மீட்டர். கண்ணாடிகளைச் சேர்க்காமலே எக்ஸ்5 அதைவிட ஏறக்குறைய நாற்பது சதவீதம் அகலம். அந்தக் கூடுதல் பங்குக்கு இதுவரை யாரும் பில் போட்டதில்லை.