நெறி கட்டிய இடம்

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் ஓரிரு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டும். தொட்டால் புளியங்கொட்டை போல விரலுக்கடியில் நழுவும், அழுத்தினால் நோகும். "தானா அமுங்கிடும்" என்று விட்டுவிடுகிறோம். நிணநீர் முடிச்சான அந்தச் சிறு கட்டியின் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதற்குள்ளே ஓயாமல் ஒரு தடவல் நடக்கிறது. புண்ணிலிருந்து கிளைக் கைகளோடு வந்த டென்ட்ரிட்டிக் செல்கள், கிருமியின் துணுக்கைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்தி நிற்கின்றன. டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மைக்ரான் ஊர்ந்துவந்து, ஏற்பிகள் பொதிந்த நுண்விரல்களால் அவற்றை வருடிப் பார்க்கின்றன. நெசவு தெரிந்தவர் சேலை முந்தானையை இரு விரலிடையே உருட்டிப் பார்ப்பாரே, அப்படி. பொருந்தவில்லையா, அடுத்ததற்கு நகர்கின்றன. ஒரு நாள்போல அலைந்தும் கிடைக்காவிட்டால், நிணநீரோடு வெளியேறி வேறொரு முடிச்சில் தேடலைத் தொடர்கின்றன.

பொருந்திவிட்டாலும் டி செல் உடனே துள்ளுவதில்லை, இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. சிடி28 என்னும் இன்னொரு ஏற்பியும் எதிர்ப்பக்கம் தொட்டு ஆமோதிக்க வேண்டும். அது இல்லாமல் முதல் தொடுகை மட்டும் வந்தால் செல் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டும் கூடினால் பருத்து, பிரிந்து, பெருகும். கிளம்பும்போதே பிடி-1 என்ற கடிவாளத்தையும் மேனியில் அணிந்துகொள்கிறது. சில புற்றுக்கட்டிகள் அந்தக் கடிவாளத்தைத்தான் பிடித்து இழுக்கின்றன; இழுக்கும் கையை விலக்கவே இன்று மருந்துகள் உள்ளன. முள் குத்திய காலில் புண் ஆற ஆற, நெறியும் விரலுக்கு எட்டாமல் மெல்லக் கரைந்துபோகிறது.