பாதத்தின் கீழ் 99 உணரிகள்

ஜெர்மனியின் நோவெல் நிறுவனத்தார் செய்யும் ‘பெடார்’ அட்டையைப் பார்த்தால் சாதாரணச் செருப்பு அட்டை போலத்தான் இருக்கும். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுக்குள் 99 உணரிகள்! மிதிக்கும்போது ஒவ்வொரு உணரியிலும் இரு தகடுகளுக்கு நடுவிலுள்ள படலம் நசுங்கி, தகடுகள் நெருங்கி, மின்தேக்குத்திறன் கூடுகிறது. அதுவே அழுத்தக் கணக்கு.

நாள்முழுக்க அணிந்தால் ஷூவுக்குள் சூடும் வியர்வையும் ஏறும், ஓயாத சுமையில் படலம் தளரும். அதே எடைக்கு வேறு எண் வந்துவிடலாம். அதனால்தான், காற்றுப்பையால் சீராக அழுத்தி ஒவ்வொரு உணரியையும் தனித்தனியே அளவுதிருத்தும் அந்தப் பொறுமை என்னைக் கவர்கிறது. காலைத் தூக்கி, சுமையில்லா நிலையைப் பூஜ்யமாகக் குறித்துக்கொள்வதும் அப்படியே.

நீரிழிவால் மரத்துப்போன பாதத்துக்கு வலி தெரியாது. அதனால் ஷூவுக்குள் உச்ச அழுத்தத்தை 200 கிலோபாஸ்கலுக்குள் வைக்க இந்த எண்களே துணை. உணரி வாங்குவோரே, நாள்முழுக்க அணிந்தபின் மாலையில் காட்டும் அளவையும் கேட்டு வாங்குங்கள்.