தள்ளாதவரை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

விளக்கினால் நகைச்சுவை செத்துவிடும் என்பார்கள். சிலேடை விஷயத்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். தமிழ்ச் சிலேடையை ஆங்கிலத்தில் சொல்லப் புகுவதே வீண்வேலை என்று பெரிய வாசகர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. சிலேடைகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. எது கடல் தாண்டும், எது தாண்டாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இதற்கு நான் குடியிருக்கும் சாந்தோமிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேற்கே நடந்தால் மயிலாப்பூர். 'கலைமகள்' ஆசிரியராக நெடுங்காலம் இருந்த கி.வா.ஜகந்நாதன் (1906–1988) மேடையிலும் பந்தியிலும் சிலேடையாகப் பேசிய வட்டாரம் அது. உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். அவர் சொன்னதாக வழங்கும் சிலேடைகள் இன்றும் இந்தப் பக்கத்து வீடுகளில் வாய்மொழியாக உலவுகின்றன. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வீட்டில் பூரி பிடிக்குமா என்று கேட்டார்களாம். ஜகந்நாதனுக்குப் பூரி பிடிக்காமல் இருக்குமா என்றாராம். இதற்குத் தமிழே தேவையில்லை. ஒடிசாவின் புரித் தலமும் அங்கே ஜகந்நாதர் கோயிலும் தெரிந்தவர், எந்த மொழிக்காரராயினும் சிரிப்பார். தமிழறிஞர் சொன்ன சிலேடை, தமிழ் தெரியாதவரிடமும் அப்படியே செல்லுபடியாகிறது.

இன்னொன்று, கார் நின்றுபோன கதை. எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள், கி.வா.ஜ.வையும் கூப்பிடுகிறார்கள், தாம் தள்ளாதவன் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'தள்ளாத' என்ற எதிர்மறைப் பெயரெச்சம், காரைத் தள்ளாதவர் என்ற செயலையும் உடல் தளர்ந்த முதுமையையும் ஒருசேரச் சுமக்கிறது. தள்ளாத வயது, தள்ளாமை என்றெல்லாம் நாம் அன்றாடம் பேசுவதால் இரண்டாம் பொருள் தேடாமலே வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் முதுமைக்கும் தள்ளுவதற்கும் ஒட்டுறவே கிடையாது. அப்படியானால் இது கைவிட வேண்டியதுதானா?

நியூ ஜெர்சியில் வளரும் என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. கடற்கரைப் பக்கம் நடக்கும்போது, முதியவர்களைத் 'தள்ளாதவங்க'ன்னு சொல்லுவோம் என்று அவளிடம் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். பேச்சு வேறு எங்கெங்கோ போனது. திரும்பி வரும்போது கார் கதையைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. புடாபெஸ்டில் 1905-ல் பிறந்த ஆர்தர் கோஸ்லர், 1964-ல் எழுதிய 'தி ஆக்ட் ஆஃப் கிரியேஷன்' நூலில் சிரிப்புக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: தனித்தனியே ஓடும் இரு எண்ணத் தொடர்கள் ஓரிடத்தில் மோதுவதுதான் சிரிப்பு, சிலேடையில் அந்த மோதலை ஒலி நிகழ்த்துகிறது. அவருடைய தாய்மொழியான ஹங்கேரியனில் சூரியனுக்கும் நாளுக்கும் ஒரே சொல். நமக்கு ஞாயிறு சூரியனும் கிழமையும். திங்கள் நிலவும் மாதமும் கிழமையும். மோதலுக்கான மருந்து எல்லா மொழியிலும் கிடக்கிறது. கேட்பவர் கையில் இரண்டு தொடரும் முன்கூட்டியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடிக்குறிப்பு தோற்பது இங்கேதான்: மோதல் முடிந்த பிறகு இரண்டாவது தொடரைக் கொண்டுவந்து கொடுக்கிறது. அயல்மொழியாருக்குத் தமிழ்ச் சிலேடைகளைத் தொகுப்பவர்கள் கதையை முதலிலும் சொற்பொருளைப் பின்னாலும் வைப்பது அடிப்படைத் தவறு.

முன்னோடி இல்லாமல் இல்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலையாக நின்ற வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'யை, சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்த பெஞ்சமின் பாபிங்டன் 1822-ல் லண்டனில் வெளியிட்டார். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்குச் சொல் சொல்லாகப் பகுப்பு எல்லாம் ஒரே நூலில். தமிழ் நகைச்சுவையை ஆங்கிலேயருக்குப் பாடமாகவே வைத்த நூல் அது. ஆனால் அவருக்குக் கிடைத்தது எளிய பொருள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு ஆளைக் காணோம் என்று அழுவதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவதும் செயலில் இருக்கும் நகைச்சுவை. எந்த மொழியிலும் நிற்கும். அந்தச் சொற்பட்டியல் முறை உண்மையில் வேண்டியிருந்தது காளமேகத்துக்கு.

காளமேகத்தின் சிலேடைதான் இதில் கடினமான சோதனை. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் பாடியவர் அவர். 'நஞ்சிருக்கும்' என்கிறார். பாம்புக்கு அது விஷம். பழத்துக்கோ 'நைந்து' என்பதன் பேச்சு வடிவம், கனிந்து குழைந்திருப்பது. பதினைந்தாம் நூற்றாண்டுப் புலவர், தளை தட்டக்கூடாத வெண்பாவுக்குள் வாய்ப்பேச்சை இழுத்துவந்து உட்காரவைக்கிறார். அதையும் ஓரிடத்தில் செய்து நிறுத்தாமல் நான்கடி முழுக்க இரண்டு பொருளையும் பிசகாமல் நடத்துகிறார். 'விஷம் / குழைவு' என்று ஆங்கிலத்தில் குறிப்பெழுதினால் வித்தை தெரியும், சாதனை தெரியாது. வேறொரு ஆங்கிலச் சிலேடையை மாற்றி வைப்பது இங்கே மோசடி. அந்தச் சொற்கள்தான் கவிதை. மூலத்தை ஆங்கில எழுத்தில் கொடுத்து, பாம்புக்கு ஒரு மொழிபெயர்ப்பும் பழத்துக்கு ஒன்றும் பக்கத்தில் பக்கமாக அச்சிடுவதே நேர்மை. சிரிப்பு வராமல் போகலாம். வியப்பு வரும், காளமேகத்திடம் நான் முதலில் மதிப்பதும் அந்த வியப்பைத்தான்.

கிரேசி மோகன் (1952–2019) விஷயத்தில் இதற்கு நேர் எதிராகச் சொல்வேன். மந்தைவெளியில் வாழ்ந்து சபா சபாவாக நாடகம் போட்டவர். அவர் வசனத்தில் சொல் விளையாட்டு வேகத்துக்காக இருக்கிறது. ஒன்று போனால் அடுத்தது வந்துவிடும். சில நாடகங்களில் அந்த அடர்த்தியே கதையை நிறுத்திவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'மைக்கேல் மதன காமராஜன்' (1990) அப்படியல்ல. நான்கு கமல்களைப் பார்த்து ஊரே குழம்புவதிலிருந்து வசனம் முளைக்கிறது. சமையல்காரர் காமேஸ்வரனின் மலையாளம் கலந்த பாலக்காட்டுத் தமிழே பாதி நகைச்சுவை. இதற்கு வசன வரி எழுதுகிறவர் சொல்லுக்குச் சொல் விசுவாசமாக இருந்தால் துரோகம் செய்கிறார். திரையில் இரண்டு வரிக்குள் விளக்கமெழுத இடமில்லை. ஆங்கிலத்திலேயே புதிய சொல் விளையாட்டைக் கட்டலாம், நால்வருக்கும் நான்குவித ஆங்கிலம் கொடுக்கலாம். எல்லோர் பேச்சையும் ஒரே ஆங்கிலமாக்கித் தட்டையாக்கும் பழக்கம்தான் இந்தப் படத்துக்குப் பெரிய நஷ்டம். திறமையான எழுத்தாளருக்குக் கூலி கொடுத்து இதைப் புதிதாக எழுதவைக்க வேண்டும். அவர் மொழிபெயர்ப்பாளராக இருந்தால் மட்டும் போதாது, நாடகத்துக்கு வசனம் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.